குடியிருக்கத் தகுதியற்றது

சிவகாசி
12.6.2003

அடியே யோகேஸ்வரி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய். நான் எழுத வந்ததும் தண்ணீரைப் பற்றித்தான். அதனால் குசலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன் பண்ணலாமே என்பாய். போன தடவை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது உன் மாமியார்தான் எடுத்தார்கள். "யாரு? எந்த பைரோஜா? என்ன விசயமா?" என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் என் கையிலிருந்த சில்லறை தீர்ந்துபோனது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுகிற தூரம்தான். ஆனாலும் உன்னிடம் பேச தபால் பெட்டிதான் வழி.

நாங்கள் இருப்பது உங்கள் அப்பாவின் வளவு என்பதை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. கக்கூஸ் குழியின் சுவர் விரிந்துபோய் வருஷக்கணக்காகிறது. அடிபம்பு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை பெய்த காலத்தில் ஊர்க் குழாயில் தண்ணீர் வந்தது, அடிபம்பைப் பாத்திரம் கழுவத்தான் வைத்திருந்தோம். இப்போது மழையும் இல்லை, குழாயிலும் வரவில்லை. அந்த அடிபம்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். வாடை அடிக்கிறதடி. நான்காம் வீட்டு வேலுத்தாய் அக்கா துணியில் வடிகட்டிவிட்டு "இப்ப நல்லாத்தான இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடிக்கிறாள். வளவில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

நேரே உங்கள் அப்பாவின் பிரஸ்ஸுக்கே போனேன். குறை சொல்லக் கூடாது, அண்ணாச்சி எழுந்து நின்றுதான் பேசினார்கள். "வாம்மா, எங்க யோகேஸ்வரி கூடப் படிச்ச பிள்ளையில்ல நீ" என்று காபி வாங்கிக் கொடுத்தார்கள். குழியைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"வாடகையா குடுக்கீக? ஒத்திக்கில்ல இருக்கீக. வாடகை வந்தா அதுல மராமத்துப் பாக்கலாம். ஒத்தி வீட்டுக்கு எவன் பாப்பான்? பிடிக்கலைன்னா ஒத்திப் பணத்த வாங்கிட்டு நல்ல எடமாப் பாத்துப் போங்க தாயி."

எங்கள் அத்தா இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மொத்தமாக ஒத்திப் பணம் கட்டினார். மாதா மாதம் வாடகை கிடையாது, காலி பண்ணும்போது கட்டிய பணம் திரும்ப வரும். அத்தா மௌத்தாகியே வெகுநாளாகிறது. அந்தக் காலத்துப் பணத்தை இன்றைக்கு வாங்கிக்கொண்டு போனால் ஊருக்குள் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. வளவுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குழியைக் கட்டுவோம் என்று நான் சொன்னால், "அவுக வீடு, அவுக கட்டட்டும்" என்கிறார்கள். குழி நடுவில் கிடக்கிறது.

என் அவசரம் வேறு. தங்கச்சி சுமைராவுக்கு ஏழாம் மாதம் வரப்போகிறது. ராஜபாளையத்தில் அவள் மாமி வீட்டில் நல்ல தண்ணீர். நான் அங்கேயே இருக்கட்டும் என்றேன். அம்மா கேட்கிறாளா? "தலப்பிரசவத்துக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வரலைன்னா ஊரு என்ன பேசும்" என்று ஒரே பிடிவாதம். அவள் வருவதற்குள் குழியை அடைத்து வேறு இடத்தில் கட்ட வேண்டும். அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன்
பைரோஜா

விருதுநகர்
21.6.2003

அன்புள்ள பைரோஜாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் வெட்கமாக இருந்தது. நீ நினைக்கிறபடி நான் சொன்னால் அப்பா கேட்கிற காலம் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் சொத்தைப் பிரிக்கிற பேச்சு நடக்கிறது. அண்ணன் நவநீதகிருஷ்ணன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்க்கிறான். வளவைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "தங்கச்சிக்கு அந்த இடத்துமேல கண்ணு" என்றுதான் அர்த்தம் செய்துகொள்வான். என் வீட்டுக்காரரும் அதே பேச்சில்தான் இருக்கிறார், வேறு பக்கத்திலிருந்து, என் பாகத்துக்காக.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. அப்பா பயப்படுகிற ஒரே ஆள் அரசாங்கம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். வளவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். மனுவை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து வெளியே தெரிய வேண்டாம். நீ பார்த்து எழுதிக்கொண்டு இதைக் கிழித்துப்போட்டுவிடு.

மூன்றாவது பத்தியைக் கவனமாகப் படி. "மேற்படி வளவிலுள்ள பத்து வீடுகளும் மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளன என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்." இந்த வரியில் மட்டும் கை வைக்காதே. கக்கூஸ் குழி உடைந்திருக்கிறது என்று எழுதினால் எந்த அதிகாரி எழுந்து வரப்போகிறார்? அப்படி எழுதின மனு அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இப்படி எழுதினால்தான் கண் அந்த இடத்தில் நிற்கும்.

கல்லூரியை விட்டு வந்த பிறகு கணக்கைத் தவிர நான் எதையும் எழுதவில்லை. இதை எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். சுமைராவுக்குக் கட்டாயம் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

அன்புடன்
யோகேஸ்வரி

சிவகாசி
16.7.2003

யோகா,

மனுவைக் கொடுத்தாயிற்று! நானும் வேலுத்தாய் அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்தோம். வரிசையில் நின்று கால் மரத்துப்போனது. மனுவை வாங்கின அதிகாரி, நீ சொன்னபடியே, மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு "யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். "நாங்கதான் சார்" என்றேன். அவர் நம்பவில்லை, இருந்தாலும் சீல் குத்திவிட்டார்.

திரும்பும்போது உங்கள் தெருவைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். உன் வீட்டு மாடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. வந்திருந்தால் உன் மாமியாரிடம் என்னவென்று சொல்லுவாய்?

அந்த வரியால் இங்கே ஒரு சண்டை நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வாங்குவதற்கு முன் மனுவை நான் சத்தமாகப் படித்தேன். வேலுத்தாய் அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"இதென்ன எழுத்து? மனுசன் இருக்க லாயக்கில்லாத வீடா? அப்ப இம்புட்டு வருசமா இங்கன இருந்தவுக யாரு? நாந்தான் தெனம் சாணி போட்டு மெழுகுதேன். கோலம் போடுதேன். வீட்டக் கொற சொல்லாதீக, குழியச் சொல்லுங்க."

"ஆபீஸுக்கு எழுதுறது அப்படித்தான்க்கா இருக்கும். பேசாம பெருவிரல வையி" என்றேன். கோபத்தோடு வைத்தாள். மை அப்பிக்கிடக்கிறது.

சுமைரா வந்துவிட்டாள். இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடுகிறாள், நாலு ஆள் பேச்சைப் பேசுகிறாள். பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் உருட்டுவதுதானே எங்கள் கைவேலை. சீசன் நேரம் என்பதால் வளவெங்கும் குழாய் காய்கிறது. "நானும் உருட்டுதேன்" என்று அவளும் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் பசைச் சட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, இருந்தாலும் அவள் குடிக்கிற தண்ணீரைத் தனிக் குடத்தில் காய்ச்சி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர்கூடப் பயந்து அந்தப் பக்கம் போவதில்லை.

பைரோஜா

விருதுநகர்
9.8.2003

அன்புள்ள பைரோஜா,

நேற்று அப்பா வந்திருந்தார். சுகாதார ஆய்வாளர் வளவுக்கு வந்ததையும், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதையும், தன்னை ஆபீஸுக்கு வரச் சொன்னதையும் சொல்லிச் சொல்லிக் கொதித்தார். "அந்தப் பொம்பளைகளுக்கு இம்புட்டு எழுத வராது. எவனோ படிச்சவன் பின்னால இருக்கான். கண்டுபிடிக்காம விட மாட்டேன்" என்றார். நான் பக்கத்தில் நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமிதம். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

எப்படியும் குழியைக் கட்டித்தானே ஆக வேண்டும்? ஆய்வாளர் விட மாட்டார் போலிருக்கிறது. நாம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். சுமைரா எப்படி இருக்கிறாள்? ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று உங்கள் வளவில் பந்தயம் கட்ட ஆரம்பித்திருப்பார்களே.

யோகேஸ்வரி

சிவகாசி
19.9.2003

யோகேஸ்வரி,

சுமைரா இறந்துவிட்டாள். காமாலை. முதலில் வாந்தி, மசக்கை என்று நினைத்தோம். ஒன்பதாம் மாதத்தில் என்ன மசக்கை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கண் மஞ்சளானதும் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். நினைவு தப்பியதும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளையை மட்டும் கொடுத்தார்கள். பெண் பிள்ளை.

பிள்ளைத்தாச்சிக்கு இந்தக் காமாலை வந்தால் தாங்காதென்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். தண்ணீரில் வருவதாம். நான் காய்ச்சித்தானே கொடுத்தேன் என்றேன். "வாய் கொப்பளிக்க? பழம் கழுவ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வாய் கொப்பளிக்க யாராவது காய்ச்சுவார்களா, யோகா?

குழியை இன்னும் யாரும் தொடவில்லை.

பைரோஜா

விருதுநகர்
2.10.2003

பைரோஜா,

பத்துத் தாள்களாவது கிழித்திருப்பேன். எதை எழுதினாலும் பொய்யாகத் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன் நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் சுமைரா என் பின்னலை அவிழ்த்துவிட்டு ஓடுவாள், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்குப் போய்...

நான் வரவில்லை. நீ வாசலைப் பார்த்திருப்பாய் என்று தெரியும். கிளம்பிப் புடவைகூட மாற்றிவிட்டேன். "இந்த நேரத்துல அங்க போனா, மனுவுக்குப் பின்னால நீதான்னு உங்கப்பா முடிவு கட்டிருவாரு. பாகத்துல ஒரு செங்கல் வராது" என்றார் வீட்டுக்காரர். கட்டிய புடவையோடு உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன்.

முதல் கடிதம் வந்த அன்றைக்கே அப்பாவிடம் போய்க் கத்தியிருக்க வேண்டும். ஒரு கொத்தனாரை அழைத்தால் இரண்டு நாள் வேலை. அதைச் செய்யாமல் வரி வரியாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல் என்று எழுதக்கூட எனக்குத் தகுதி இல்லை.

யோகேஸ்வரி

சிவகாசி
8.12.2003

திருமதி யோகேஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் தந்தையார் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் எங்கள் பத்து வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. உங்களுக்குப் படித்துக் காட்டலாம் என்று எழுதுகிறேன்.

"தாங்களே மாவட்ட ஆட்சியருக்கு அளித்த மனுவில், மேற்படி வீடுகள் மனிதர் குடியிருக்கத் தகுதியற்றவை என்று ஒப்புக்கொண்டிருப்பதாலும், சுகாதார ஆய்வாளரின் அறிக்கையும் அதையே உறுதிசெய்வதாலும், பொதுநலன் கருதி எமது கட்சிக்காரர் மேற்படி கட்டடத்தை இடித்து அப்புறப்படுத்த முடிவு செய்துள்ளார்."

எப்படி இருக்கிறது? எங்கள் பெருவிரல் ரேகை எல்லாம் அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே வைத்திருக்கிறார்கள். ஆய்வாளரிடம் ஓடினேன். பாவம், நல்ல மனிதர். "நீங்க எழுதினதத்தானம்மா நானும் எழுதினேன். தண்ணி கெட்டுப்போனது நெசம். ஓனரும் ஒத்துக்கிட்டாரு. இதுல நான் என்னத்தச் செய்ய?" என்றார். அண்ணாச்சி இத்தனை வருஷத்தில் நாங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டது இந்த ஒரு தடவைதான்.

வளவிலே எல்லோரும் ஒத்திப் பணத்தை வாங்கிக்கொண்டு மூட்டை கட்டுகிறார்கள். வேலுத்தாய் அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கடைசி நாளிலும் வாசலை மெழுகிக் கோலம் போட்டுவிட்டு, பெருவிரலை என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் போனாள். இந்த ஜென்மத்துக்கும் எனக்கு அது போதும்.

பிள்ளையை ராஜபாளையத்துக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். "அந்த வீட்டுக்கு எங்க பிள்ளைய அனுப்ப மாட்டோம்" என்றார்கள். எந்த வீடு என்று அம்மா அழுகிறாள். இனிமேல் அந்த வீடும் இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வரி உங்கள் வரி. கை வைக்காதே என்று எழுதினீர்கள். அது இப்படி முடியும் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? பாகம் பிரிக்கிற நேரத்தில் இடம் காலியானால் யாருக்கு லாபம் என்று என் வீட்டுக்காரர் ஜெகபர் அலி கேட்கிறார்.

இப்படிக்கு
ஜெ. பைரோஜா

விருதுநகர்
27.6.2004

பைரோஜா,

நடுவில் நான் போட்ட கடிதங்கள் எல்லாம் "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டன. ஜெகபர் அலி அண்ணன் வியாபாரத்துக்காகக் கழிவு வெட்டுக் காகிதம் எடுக்க வருகிற பிரஸ் ஒன்றில் விசாரித்து, அங்கே கொடுத்து அனுப்புகிறேன். கிழித்துப்போட்டாலும் சரி, கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் எழுதினேன். ஆனால் எழுதும்போது அந்த வீடுகளுக்குள் இருந்தவர்களை நான் நினைக்கவில்லை, பைரோஜா. படிக்கிற அதிகாரியைத்தான் நினைத்தேன். அவர் "அடேயப்பா, யார் எழுதியது" என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ எழுதிய கடிதத்தில் எல்லாம் இருந்தது. குழி உடைந்திருக்கிறது, பக்கத்தில் அடிபம்பு இருக்கிறது, தங்கச்சி வரப்போகிறாள். அதை அப்படியே எழுதியிருந்தால் போதும். எனக்கு அது எழுத்தாகவே தோன்றவில்லை.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வராமல் இருந்தது. யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பாகப்பிரிவினை முடிந்தது. அண்ணனுக்குப் பிரஸ். வளவு இருந்த இடம் என் பேருக்கு வந்திருக்கிறது. "அந்த பைரோஜா புண்ணியத்துல எடம் காலியாச்சு. இல்லேன்னா எங்க யோகேஸ்வரிக்கு என்னத்தக் குடுத்திருப்பேன்" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த மனுவை எழுதியது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் அங்கே காலண்டர் குடோன் கட்டியிருக்கிறார். லோடு ஏற்ற வருகிறவர்களுக்காக மூலையில் இரண்டு கக்கூஸ், சிமெண்டுத் தொட்டி, மேலே டாங்க். லைசென்ஸுக்கு அதெல்லாம் வேண்டுமாம். கொத்தனார் அதை ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார். பால் காய்ச்ச என்னை அழைத்துப்போனார்கள். அந்தக் கக்கூஸ் வாசலில் நின்று அழுதேன். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்காரரிடம் நான் பேசியிருக்கிறேன். குடோனுக்கு ஒரு நம்பிக்கையான வாட்ச்மேன் வேண்டும். பின்னால் ஓர் அறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. ஜெகபர் அலி அண்ணன் சம்மதித்தால் நீங்கள் எல்லோரும் வந்து இருந்துகொள்ளலாம். வாடகை இல்லை, ஒத்தி இல்லை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வா.

யோகேஸ்வரி

தாயில்பட்டி
15.8.2004

யோகா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன்.

வாட்ச்மேன் விஷயத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்துவிட்டு, "நம்ம இருந்த எடத்துக்கு நம்மளயே காவலுக்குக் கூப்பிடுதாக. உன் சினேகிதிக்கு நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வியாபாரம் இருக்கிறது. நாங்கள் வர மாட்டோம். அவர் வந்தாலும் நான் வர மாட்டேன். என் தங்கச்சி கடைசியாக நடமாடிய இடத்தில் டாங்க் தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

தெரியாமல் எழுதினேன் என்கிறாய். நம்புகிறேன். நம்புவதற்கு எனக்கு எட்டு மாதம் தேவைப்பட்டது. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்காது, அதனால்தான் இழுத்துக்கொண்டே இருந்தேன். வேலுத்தாய் அக்கா குழியைச் சொல்லுங்கள் என்றாளே. வாயை மூடு என்று சொன்னது நீயா? நான்தான். உன் தமிழைப் படித்ததும் எனக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது. கலெக்டர் ஆபீஸில் "நாங்கதான் எழுதினோம்" என்று நான் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அம்மா ஒருபக்கம் தலைப்பிரசவம் என்று கூட்டிவந்த கதையைச் சொல்லி அழுகிறாள். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டோம். யார் பங்கும் குறையவில்லை.

இப்போது நாங்கள் தாயில்பட்டிக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு தெருவில் இருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மாத வாடகை. வேலுத்தாய் அக்காவின் சொந்த ஊர் இதுதான், அவள்தான் இடம் பார்த்துக் கொடுத்தாள். ஆமாம், அவள்தான். என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் குழாய் உருட்டுகிறவர்கள். தெரு முழுக்க ஒரு கக்கூஸ்கூட இல்லை. உடைந்த குழியாவது இருந்ததே என்று நினைக்கிற நிலைமை. விடிவதற்கு முன்னால் பெண்கள் எல்லாம் சேர்ந்து கருவேலங்காட்டுக்குப் போகிறோம். போன மாதம் ஒரு கம்பெனிக்காரன் அந்தக் காட்டையும் வளைத்துக் கம்பி வேலி போட்டுவிட்டான். இப்போது ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. லாரி வருகிற ரோடு. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்து, தெருவில் மூன்று பெண்களுக்கு மூத்திரத்தில் ரத்தம் போகிறது. தெருவில் இரண்டு பேர் முழுகாமல் இருக்கிறார்கள்.

அரசாங்கத்தில் பெண்களுக்கென்று சுகாதார வளாகம் கட்டித் தருகிறார்களாம். தெருமுனையில் பஞ்சாயத்து இடம் சும்மா கிடக்கிறது. நான் வீடு வீடாகப் போய் எல்லோரையும் சேர்த்துவிட்டேன். மறுபடியும் மனுவா என்று முதலில் வேலுத்தாய் அக்கா பின்வாங்கினாள். "நான் சொல்லுததத்தான் எழுதணும். எழுதி முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டணும். அப்பத்தான் வெரல வைப்பேன்" என்றாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் தெருவில் கக்கூஸ் இல்லை. தெருமுனையில் இடம் இருக்கிறது. அங்கே பெண்களுக்குக் கட்டித் தாருங்கள். தண்ணீரும் வேண்டும். வீடுகளை நாங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறோம். இங்கேயே இருப்போம்."

இதை நீ எழுதித் தர வேண்டும். ஒரு வார்த்தை கூட்டாதே, ஒரு வார்த்தை குறைக்காதே. இந்தத் தடவை நான் பார்த்து எழுதப்போவதில்லை. உன் கையெழுத்திலேயே எழுது. கீழே "மனுவை எழுதிக் கொடுத்தவர்" என்று போட்டு உன் பெயர், உன் அப்பா பெயர், உன் வீட்டு விலாசம் எல்லாம் போடு. 23-ம் தேதி திங்கட்கிழமை நீயே கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எடுத்துக்கொண்டு வா. உங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தானே. நாங்கள் பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்போம்.

இந்த நாலு வரியை எனக்கே எழுதத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் நீ எழுதிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வர முடியாவிட்டால் பதில் போட வேண்டாம். பத்து மணிவரைக்கும் பார்த்துவிட்டு நானே எழுதிக்கொள்வேன்.

பைரோஜா